மேசை மட்டத்துக்கு வந்த நாள்

எங்கள் வீட்டு விமானம் பறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில், "அப்போ பறந்துச்சா இல்லையா?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பறக்கவில்லை, நகரக்கூட இல்லை. இரண்டு பக்கச் சட்டங்களைச் செய்து சுவரில் சாய்த்து வைத்ததோடு சரி. பிறகு யுத்தம் வந்துவிட்டது, இஞ்சின் வரவில்லை. நான் சொல்ல வந்தது விமானத்தைப் பற்றி அல்ல. அதைக் கட்டுவதற்கென்று ஒரு மேசை போட்டார்களே, அதைப் பற்றி. அந்த மேசையால் எனக்கு உண்டான வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

கட்டப் புறப்பட்டவர் என் தாய்மாமன். அம்மாவுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால் அம்மா கல்யாணமாகித் தென்காசிக்கு வரும்போது அண்டா குண்டானோடு தம்பியையும் சேர்த்துக் கூட்டிவந்துவிட்டாள் என்று அப்பா கேலி செய்வார். அப்பாவுக்கு வயலையும் மாட்டையும் விட்டால் உலகத்தில் வேறொன்றும் கிடையாது. மாமாவுக்கு வயலும் மாடும் தவிர மற்றதெல்லாம் வேண்டும். கிராமபோன் ரிப்பேர் என்று கொஞ்ச நாள், போட்டோ பிடிக்கிற பெட்டி என்று கொஞ்ச நாள், சோடா போடுகிற மிஷின் என்று கொஞ்ச நாள். ஒவ்வொன்றிலும் உயிரை விடுவார், பிறகு அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

ஒரு வருஷம் சித்திரையில், குற்றாலத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போனார். அவர் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களில் ஒரு கட்டுப் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை மாமா வாங்கிவந்தார். அதில் ஒன்றில், மரச்சட்டமும் துணியும் வைத்து வீட்டிலேயே விமானம் கட்டுவது எப்படி என்று படம் போட்டு எழுதியிருந்தது. போதாதா? அன்று முதல் மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். விமானத்தில் இரண்டு பேர் உட்கார இடம் இருந்தது. முன்னால் ஓட்டுகிறவர். பின்னால் இன்னொருவர். பின்னால் இருந்த இடம் எனக்குத்தான் என்று பார்த்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. மாமாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் போய்வருகிறவள் நான். சைக்கிள் எனக்கென்றால் விமானமும் எனக்குத்தானே? அக்காவைச் சைக்கிளில் ஏற்ற மாட்டார்கள். அவள் பெரியவளாகிவிட்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். நிறம், முடி, பொறுமை, எல்லாம் அவளுக்கே போய்விட்டது. எனக்கு மிஞ்சியது வாய்தான். மாமாவுக்கு அக்காதான் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேசி முடித்தாயிற்று. எங்கள் பக்கத்தில் தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுப்பது வழக்கம், அதில் கேள்விக்கே இடமில்லை. அம்மாவுக்கு அதில் இரட்டைச் சந்தோஷம். தம்பியும் வீட்டை விட்டுப் போக மாட்டான், மகளும் போக மாட்டாள். எனக்கும் அந்தக் கல்யாணத்தில் ஒரு ஆட்சேபமும் இல்லை. பாயசம் போடுவார்கள், பட்டுப்பாவாடை வரும். யார் யாரைக் கட்டிக்கொண்டால் எனக்கென்ன? பின்சீட்டு என்னுடையதாக இருந்தால் சரி.

வைகாசியில் அப்பா கல்யாணப் பேச்சை எடுத்தார். மாமா பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அத்தான், முதல்ல மேசையைப் போட்டு, மட்டம் பாத்து, ஒரு சட்டத்தை அதுமேல வச்சிருதேன். பொறவு நீங்க என்னைக்குச் சொல்லுதியளோ அன்னைக்கு மாலை போட்டுக்கிடுதேன்."

"மேசைதானலே மாப்ளே? நாளைக்கே ஆசாரியை வரச் சொல்லுதேன்" என்றார் அப்பா. மேசை போடுவது ஒரு நாள் வேலை என்று அவர் நினைத்தார். ஆவணியில் முகூர்த்தம் வைத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆவணியை விட்டால் பிசான நெல் நடவு வந்துவிடும். அப்புறம் அறுத்துக் களம் காய்ந்த பிறகுதான் எங்கள் வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆசாரி வந்தார். மேசை என்றால் எழுதுகிற மேசையோ சாப்பிடுகிற மேசையோ இல்லை. இரண்டு பேர் தலையும் காலுமாக நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். விமானத்தின் உடம்பை அதன்மேல் கிடத்தித்தான் ஆணி அடித்துச் சேர்க்க வேண்டுமாம். மேசை ஒரு நூல் கோணினாலும் விமானத்தின் உடம்பு கோணிவிடும். இரட்டைமாட்டு வண்டியை ஒற்றை மாடு இழுக்கிற மாதிரி ஆகாயத்தில் ஒரே பக்கமாகப் போகும் என்று மாமா விளக்கினார். எங்கள் வண்டிக் கொட்டகையைக் காலி செய்து அதில் மேசையைப் போட்டார்கள். அப்பாவின் வில்வண்டி வேப்பமரத்தடிக்குப் போயிற்று. மண்தரையில் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கல், கல்லுக்கும் காலுக்கும் நடுவில் ஒரு மர ஆப்பு. ஆப்பின் தடித்த பக்கத்தில் அடித்தால் அது உள்ளே போகும், மேசைக்கால் உயரும். மெல்லிய நுனியில் அடித்தால் வெளியே வரும், கால் தணியும். மேசைமேல் கொத்தனார் வைத்திருப்பாரே அந்த ரசமட்டம். அதன் கண்ணாடிக்குள் ஓடுகிற குமிழி நடுவில் நிற்க வேண்டும். வேலை இவ்வளவுதான்.

ஆனால் அடியில் குனிந்து அடிக்கிறவர் குமிழியைப் பார்க்க முடியாது. மேலே நின்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் பாவாடையைச் செருகிக்கொண்டு ஓடினேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஏட்டி, நீ எங்கன ஓடுத? இங்கன வந்து பூண்டை உரி. ஒங்கக்கா போவட்டும்."

பெரியவளான பிறகு வாசலைத் தாண்டவிடாத அக்காவைக் கையில் கருப்பட்டிக் காப்பியைக் கொடுத்துக் கொட்டகைக்கு அனுப்புகிறாள்! இது எந்த ஊர் நியாயம்? அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாம் தெரியும். அக்கா மேசையில் கன்னம் படுகிற மாதிரி குனிந்து, "இன்னுங் கொஞ்சம்... போதும்" என்பாள். அடியிலிருந்து மாமா, "ஒன் கண்ணு தராசுல்லா!" என்பார். எனக்குக் காந்தும். என் கண்ணுக்கு என்ன வந்தது? நடுவில் இருந்தால் நடு, ஓரத்தில் இருந்தால் ஓரம். அதைப் பார்க்கத் தராசு எதற்கு?

ஒருநாள் மாமா வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "இந்த மேசையை யாரு மட்டத்துல நிறுத்துதாகளோ, அவுகளுக்குத்தான் பின்னால சீட்டு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்னது என்னைப் பார்த்து அல்ல. அன்று நான் உரித்த பூண்டில் பாதித் தோல் அப்படியே இருந்தது என்று அம்மா தலையில் குட்டினாள்.

ஆனி பிறந்தது, சாரல் விழுந்தது. மேசைக்குப் பேய் பிடித்துவிட்டது. காலையில் மட்டம் பார்த்து நிறுத்தினால் சாயங்காலம் குமிழி ஒரு ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டு நிற்கும். மாமா சாரலைத் திட்டினார். மண் ஊறுகிறது என்றார், மரம் ஊதுகிறது என்றார், பக்கத்துத் தொழுவத்தில் மாடு காலை உதைக்கிற அதிர்ச்சி என்றார். கல்லை மாற்றினார், ஆப்பை மாற்றினார். மறுநாள் காலையில் நிற்கும், சாயங்காலம் சாயும்.

அப்பாவுக்குப் பொறுமை போயிற்று. "வயலுக்கு மட்டம் பாக்க நான் ரசமட்டமாலே வச்சிருக்கேன்? தண்ணியைக் கட்டிப் பாத்தா மேடு எது பள்ளம் எதுன்னு அதுவே சொல்லிட்டுப் போகுது" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. ஆளை விட்டுக் களிமண் கொண்டுவரச் செய்து, மேசை விளிம்பைச் சுற்றி வரப்புக் கட்டி, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். மேசைமேல் ஒரு குட்டி வயல். நாற்று நடாததுதான் பாக்கி. மேடு பள்ளமெல்லாம் கண்ணாடி மாதிரி தெரிந்தது, அப்பாவும் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் பலகை அத்தனை தண்ணீரையும் குடித்து அப்பளம் மாதிரி மேலே வளைந்துவிட்டது. அது காய்கிறவரை மாமாவும் அப்பாவும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் சிரித்தவள் அக்கா ஒருத்திதான். அவள் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் பார்த்ததில்லை.

பலகை காய்கிற சமயத்தில் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். குளித்து வந்து ஈரத்தலையோடு நிற்கையில் மாமா மேலே கையைக் காட்டி, "ஏரோப்ளான்ல போனா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு மேலேருந்தே பாத்துரலாம்" என்றார். அக்காவிடம்தான் சொன்னார்.

"எனக்குத் தலையைச் சுத்தும், மாமா" என்றாள் அக்கா.

"எனக்குச் சுத்தாது!" என்று நான் கத்தினேன். அருவிச் சத்தத்தில் கேட்கவில்லையோ, கேட்காத மாதிரி இருந்தாரோ. ஒரு மங்குஸ்தானை உள்ளங்கையில் வைத்து அமுக்கி உடைத்து, வெள்ளைச் சுளை தெரிய அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கினாள், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அப்படியே என் கையில் வைத்துவிட்டாள். தின்றேன். தித்திப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கையால் எனக்கு வரவில்லையே என்று தின்று முடித்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஆடியில் மேசை காய்ந்து, ஆசாரி இழைத்துக் கொடுத்து, மறுபடி மட்டம் பார்க்கிற வேலை தொடங்கியது. சாரல் காலத்தில் மாமா மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சைக்கிளில் குற்றாலம் போய் ஒரு குளியல் போட்டுவிட்டு வருவார். அம்மா கொஞ்சம் தலையைச் சாய்ப்பாள். அப்படி ஒரு மத்தியானம், மேசைமேல் ஏறி உட்கார்ந்து பின்சீட்டில் போகிற மாதிரி விளையாடலாம் என்று கொட்டகைப் பக்கம் போனேன். உள்ளே டொக் டொக் என்று சத்தம். ஒளிந்து பார்த்தால் அக்கா! மேசைக்கு அடியில் குந்தி, தேங்காய் உடைக்கிற அரிவாளின் முதுகால் ஆப்பின் மெல்லிய நுனியில் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று தட்டுவது, வெளியே யாரும் வருகிறார்களா என்று பார்ப்பது, மறுபடி ஒன்று தட்டுவது. பிறகு எழுந்து அரிவாளை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. அடிப்பாவி! காலையில் மாமாவோடு சேர்ந்து வேலை பார்ப்பது போதாதென்று, யாருக்கும் தெரியாமல் தனியாக வேறு வேலை பார்க்கிறாளா? 'எனக்குத் தலை சுத்தும்' என்று பூசி மெழுகிவிட்டு, சீட்டைத் தட்டிக்கொண்டு போகத்தான் இந்த வேலையா? உள்ளே ஓடி ரசமட்டத்தைப் பார்த்தேன். குமிழி ஓரத்தில் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! இத்தனை நாள் பார்த்தும் இவளுக்கு இந்த வேலை தெரியவில்லை. தராசுக் கண்ணாம்!

மாமாவின் சுத்தியலை எடுத்து ஆப்பின் தடித்த பக்கத்தில் ஒரு அடி. எழுந்து குமிழியைப் பார்ப்பேன். குனிந்து இன்னொரு அடி. குனிந்து நிமிர்ந்து முதுகு விட்டுப்போயிற்று, குமிழி நடுவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் மாமா வந்து பார்த்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

மறுநாளும் அக்கா வந்தாள். தட்டினாள், போனாள். நான் வந்தேன், சரிசெய்தேன். அக்கா வேறொரு காலில் தட்டிப் பார்த்தாள். அதையும் நான் விடவில்லை. சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். தோற்கிறாள், நன்றாகத் தோற்கட்டும் என்று நான் இன்னொரு கை மோர் வாங்கிக் குடிப்பேன்.

ஆடி முடிகிற சமயம் மாமா, "மண்ணு இறுகிட்டு, இனிப் பயமில்ல" என்று அறிவித்து அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா ரசமட்டத்தை நம்புகிற ஆள் இல்லை. மாமாவின் பழைய சோடா பாட்டிலை உடைத்து அதிலிருந்த கோலிக்குண்டை எடுத்து மேசையின் நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பார்த்தார். வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. அம்மா சூடம் கொளுத்தினாள். மாமா நீளமான ஒரு சட்டத்தை இரண்டு கையாலும் ஏந்தி மேசைமேல் வைத்தார்.

"நின்னுட்டுல்லா!" என்று அப்பா தொடையைத் தட்டினார். "ஆவணி பொறந்ததும் நாள் பாக்கச் சொல்லிருதேன். இனி சாக்குப்போக்குச் சொல்லக்கூடாது, ஆமா."

மாமா, "இதுக்கு நான் காரணமில்ல, அத்தான். எல்லாம் அவ கண்ணுதான்" என்று கதவோரம் நின்ற அக்காவைக் காட்டினார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "இல்ல! நாந்தான்!" என்று வீல் என்று கத்திவிட்டேன். "அக்கா தெனமும் மத்தியானம் ஒளிஞ்சு வந்து அரிவாளால தட்டுவா. அவ தட்டுனதெல்லாம் தப்பு. நாந்தான் அடிச்சு அடிச்சுச் சரியாக்குனேன். சீட்டு எனக்குத்தான்!"

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். "பாத்தியாலே மாப்ளே! நீ மேசை மேசைன்னு நாளைக் கடத்துத. என் மவளுக்குல்ல அவசரம்! ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து மேசையை நிறுத்தப் பாத்திருக்கா!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "வெக்கத்தைப் பாரு, வெக்கத்தை!" என்றாள் அம்மா. மாமாவின் முகம் ஜிவுஜிவென்று சிவந்துவிட்டது. மேசை நின்றபோதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் இல்லை. "சரிட்டி, சீட்டு ஒனக்குத்தான்" என்று என் தலையைத் தடவினார். தடவினது என் தலையை, பார்த்தது அவளை. ஜெயித்தது நான், பார்வை அவளுக்கு. எரியுமா எரியாதா?

அக்கா மேசையை நிறுத்தப் பார்க்கவில்லை, சாய்க்கப் பார்த்தாள் என்பது என் மண்டையில் ஏற வெகு காலம் பிடித்தது. எனக்கும் கல்யாணமாகிக் கையில் பிள்ளையோடு வந்திருந்தபோதுதான் அவளிடம் ஏன் என்று கேட்டேன். மாமா கெட்டவரில்லை, கட்டிக்கொண்ட பிறகு அவளைக் கண்ணில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டார். அவள் துணியை மடித்துக்கொண்டே, "சின்னதுல என்னைத் தோளில வச்சு அருவி காட்டுனவருட்டி" என்றாள். அடுத்த துணியை எடுத்து உதறினாள். வேண்டுமா வேண்டாமா என்று அவளை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

மேசை நின்ற அன்றைக்குச் சாயங்காலம் அவள் என்னை உட்காரவைத்துத் தலை பின்னினாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்து உடம்பை இறுக்கிக்கொண்டிருந்தேன். கோள் சொன்னதற்காவது ஒரு கிள்ளு கிள்ளுவாள். அவள் மெதுவாக வகிடு எடுத்தாள், சிக்கெடுத்தாள், பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி, தன் வயதுப் பெண்ணிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"இனி என்னட்டி செய்ய?"

அக்கா என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் என் சாமர்த்தியம் அவளுக்கும் விளங்கிவிட்டதே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"இனி நீ ஒண்ணுஞ் செய்ய முடியாது. எல்லா ஆப்பையும் நான் நல்லா இறுக்கி அடிச்சிட்டேன்."